எண்மக் கற்றலாய்வும் கல்விப்பணி மதிப்பீடும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிப் பாடம் உருவாக்குதல் இன்று கல்லூரி ஆசிரியரின் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. அப்பாடங்களால் மாணவர் எதைக் கற்றனர், எங்கே இடறினர் என ஆராய்வது யாருடைய பணி என்னும் வினாவிற்குத் தமிழக உயர்கல்வி அமைப்பில் தெளிவான விடை இல்லை. மதுரை வட்டாரத்தின் தொலைநிலைக் கல்வி மரபையும் தமிழ் இணைய முயற்சிகளின் வரலாற்றையும் பின்புலமாகக் கொண்டு, பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணையை இக்கட்டுரை ஒரு பனுவலாகப் படிக்கிறது. அவ்வட்டவணை பாட ஆக்கத்தை மதிக்கிறது. ஆக்கிய பாடத்தைச் சோதித்துத் திருத்தும் உழைப்பிற்கு அதில் இடமில்லை. இவ்விடைவெளி எண்மக் கற்றலாய்வின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதும், தமிழில் ஆராய்வோர்க்கு அது கூடுதல் இழப்பாகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கல்வித் தொழில்நுட்பம், எண்மக் கற்றல், ஆய்வு மதிப்பெண், இணையவழிப் பாடம், தொலைநிலைக் கல்வி, மதுரை

1. முன்னுரை

ஒரு துறை வளர்ந்துள்ளதா என்பதை அறிய அத்துறையின் நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். அத்துறையில் நுழையும் இளைஞர் ஒருவர் முப்பது ஆண்டுகள் அதிலேயே பணியாற்றி ஓய்வுபெற இயலுமா என்று கேட்பது மற்றோர் அளவுகோல். மொழியியலிலும் கல்வெட்டியலிலும் நாட்டார் வழக்காற்றியலிலும் அவ்வாறு பணியாற்றி ஓய்வுபெற்றோர் தமிழகத்தில் உண்டு. எண்மக் கற்றலாய்வை, குறிப்பாகத் தமிழ்வழிக் கற்றலைப் பற்றிய ஆய்வை, தம் வாழ்நாள் பணியாகக் கொள்ள விழையும் ஒருவர்க்கு அத்தகைய பாதை உள்ளதா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை எழுப்ப மதுரை பொருத்தமான களம். தமிழகத்தில் தொலைநிலைக் கல்வி வேரூன்றிய இடங்களுள் மதுரை முதன்மையானது. எண்மத் தமிழ் முயற்சிகளுள் பெரும்புகழ் பெற்ற ஒன்று இந்நகரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

2. பிற துறையினர் கட்டிய துறை

1966இல் தொடங்கப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நாள்தோறும் வகுப்பிற்கு வர இயலாதோர்க்கு அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் சென்றன. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்திற்கு 1978-79இல் துணைவேந்தராக இருந்தவர் வா.செ. குழந்தைசாமி. நீர்வளவியல் அறிஞரான அவர், பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்திற்கும், 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தரானார். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) உருவானபோது அதன் நிறுவனத் தலைவராக அமைந்தவரும் அவரே. அஞ்சல்வழிப் பாடத்திலிருந்து இணையவழிப் பாடம் வரை நீளும் தமிழகத் தொலைநிலைக் கல்வியின் வரலாற்றை ஒருவர் வாழ்க்கையிலேயே காணலாம். ஆயினும் அவரைப் பேராசிரியராக்கிய துறை நீர்வளவியல்.

இது தனி ஒருவரின் நிலை அன்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி உலகெங்கும் இலவசமாக வழங்கியது. அதனை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பை நாடும் தமிழாய்வாளர் பலர். அதனை உருவாக்கியோர்க்கு அது ஊதியப் பணியாக இருக்கவில்லை, தன்னார்வத் தொண்டாகவே இருந்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இதற்கு ஓரளவு விலக்கு. தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த தமிழ் விரிவுரையாளரான அவர், கற்பித்தலையும் கணினித் தமிழையும் ஒரே பணியில் இணைத்தார். 1999இல் அவர் மறைந்தார்.

இம்முன்னோடிகளின் ஈகை போற்றத்தக்கது. எனினும் ஈகையின் மீது ஒரு துறையை நிலைநிறுத்த இயலாது. வேறு துறையில் நிலைபெற்றவர்கள் தம் ஓய்வுநேரத்தில் அடித்தளம் இட்டனர். அதன்மீது எழ வேண்டிய ஆய்வுக்கு முழுநேர உழைப்பு தேவை. ஒரு பாடத்தை ஆயிரம் மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்பதைப் பருவந்தோறும் கூர்ந்து நோக்கும் பணி விடுமுறை நாள்களில் நிறைவேறுவதன்று.

3. எல்லார்க்கும் பாடம், எவர்க்கும் பணியிடம் இல்லை

உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வின் (நெட்) பொதுத்தாள் இங்குக் கருதத்தக்கது. எத்துறையினராயினும் எழுத வேண்டிய அத்தாளில் தகவல் தொடர்பியல் தொழில்நுட்பம் ஒரு தனி அலகு. கற்பித்தல் திறன் என்னும் அலகிலும் ஸ்வயம் முதலான இணையவழிக் கற்பித்தல் முறைகள் இடம்பெற்றுள்ளன. ஆனால் அத்தேர்வின் பாடப் பட்டியலில் கல்வியியல் உண்டு, கணினி அறிவியல் உண்டு, இதழியல் உண்டு, தமிழ் உண்டு. கல்வித் தொழில்நுட்பம் தனிப்பாடமாக இல்லை. எல்லா ஆசிரியரும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும் எனக் கருதப்படும் அறிவுத்துறை, எவரும் முழுமையாக ஈடுபடுவதற்குரிய துறையாகக் கருதப்படவில்லை.

விதிவிலக்குகள் உள்ளன. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்திற்குத் தனித்துறை உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2010இல் கல்வித் தொழில்நுட்பத்தில் துறையிடை முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கல்விசார் பல்லூடக ஆய்வு மையம் இயங்கிவருகிறது. இம்மையத்தின் பெயரில் ‘ஆய்வு’ என்னும் சொல் இருப்பது கவனத்திற்குரியது. இத்தகைய ஊடக மையங்களின் அன்றாடப் பணி காணொலிப் பாடத் தயாரிப்பு. தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர், பொறியாளர் ஆகியோரே அப்பணியின் தூண்கள். பாடப்பொருளை வழங்கும் பேராசிரியர் பதிவு முடிந்ததும் தம் துறைக்குத் திரும்பிவிடுவார். பதிவான பாடம் மாணவரிடம் சென்று என்ன ஆயிற்று என்பதைத் தொடர்ந்து ஆராய்வது இருவர்க்கும் இடையில் விடுபட்டுப்போகிறது.

4. அட்டவணை என்னும் பனுவல்

ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றிற்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின் இரண்டாம் பிற்சேர்க்கையில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை அமைந்துள்ளது. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் பணிக்கு ஏழு வெளியீடுகளும் 75 மதிப்பெண்ணும், பேராசிரியர் பணிக்குப் பத்து வெளியீடுகளும் 120 மதிப்பெண்ணும் குறைந்த அளவாகக் கேட்கப்படுகின்றன. ஓர் இளம் ஆய்வாளர் தம் அடுத்த பத்தாண்டை எவ்வாறு செலவிடுவார் என்பதை வழிகாட்டியின் அறிவுரையைவிட இவ்வட்டவணையே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆதலின் அதனைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்வது பொருந்தும்.

அதன் மூன்றாம் வகை தகவல் தொழில்நுட்பவழிக் கற்பித்தல் முறைகளையும் பாடப்பொருள் ஆக்கத்தையும் குறித்தது. நாற்கூறுகளும் அமைந்த முழுமையான பெருந்திரள் திறந்த இணையவழிப் படிப்பு ஒன்றை (நான்கு தரப்புள்ளி அளவினது) உருவாக்கியவர்க்கு 20 மதிப்பெண். ஒரு கூறுக்குரிய பாடப்பொருளை எழுதித் தந்தவர்க்கு அலகு ஒன்றுக்கு 2. படிப்பின் ஒருங்கிணைப்பாளர்க்கு 8. மின்பாடம் முழுமையாக எனில் 12. மொழி, மானுடவியல், சமூக அறிவியல் புலங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 10. ஆகவே முழுமையான ஓர் இணையவழிப் படிப்பு இரு கட்டுரைகளுக்கு நிகர். ஐந்து அலகுகளுக்கு எழுதிய பாடப்பொருள் ஒரு கட்டுரைக்கு நிகர்.

இவ்வங்கீகாரம் சிறிதன்று. பாடம் எழுதுவதை அறிவுழைப்பாக ஏற்காத நெடுங்கால மரபினின்று இது ஒரு முன்னேற்றம். ஆயினும் இப்பட்டியலின் வினைச்சொற்களைக் கூர்ந்து நோக்கினால், உருவாக்குதல், எழுதுதல், ஒருங்கிணைத்தல், பதிப்பித்தல் என்பனவே அதில் உள்ளன. சோதித்தல், ஒப்பிடுதல், திருத்துதல், மீளாக்கம் செய்தல் என்பன இல்லை. பாடம் பதிவேறிய நாளிலேயே மதிப்பெண் முழுமை பெற்றுவிடுகிறது.

இம்முரண் நாற்கூறு என்னும் கருத்தாக்கத்திலேயே வெளிப்படுகிறது. காணொலி விளக்கம், வாசிப்புப் பனுவல், மதிப்பீடு, கலந்துரையாடல் ஆகியவை அந்நான்கு கூறுகள். முதல் மூன்றையும் முன்னரே ஆயத்தம் செய்துவிடலாம். கலந்துரையாடலோ மாணவர் வந்து வினவியபின் உயிர்பெறுவது. மாணவரின் தவறான புரிதல்கள் ஆசிரியர்க்கு முதலில் தெரியவரும் இடமும் அதுவே. மாணவர் எவரும் சேரும் முன்பே ‘நாற்கூறுகளும் உருவாக்கப்பட்டன’ எனக் கணக்கிடும் அட்டவணை, நான்காம் கூறினைப் பெயரளவில் மட்டுமே ஏற்கிறது.

ஆய்வுக் கட்டுரைக்குரிய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு மேலும் தெளிவாகும். கட்டுரை வெளிவந்த இதழின் தாக்கக் காரணியைப் பொறுத்து மதிப்பெண் கூட்டப்படுகிறது: தாக்கக் காரணி இல்லாத மதிப்பாய்வு இதழுக்கு 5, இரண்டு முதல் ஐந்து வரை உள்ள இதழுக்கு 20, பத்திற்கு மேற்பட்டதற்கு 30. தாக்கக் காரணி குறைபாடுடைய அளவுகோல்தான். எனினும் கட்டுரை எங்கோ வாசிக்கப்பட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பேனும் அதில் உண்டு. இணையவழிப் படிப்பிற்கு அத்தகைய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. பத்துப் பேர் நிறைவுசெய்த படிப்பிற்கும் பத்தாயிரம் பேர் நிறைவுசெய்த படிப்பிற்கும் மதிப்பெண் ஒன்றே.

5. தமிழில் ஆராய்வோரின் இழப்பு

பாடத்தின் பயனை ஆராய்ந்து கட்டுரையாக்கினால் முதல் வகையில் மதிப்பெண் கிடைக்குமே என்பர். கிடைக்கும். ஆனால் அங்கு இரு தடைகள் குறுக்கிடுகின்றன.

முதலாவது மொழி. தமிழ் ஆய்விதழ்கள் பெரும்பாலும் தாக்கக் காரணிப் பட்டியலுக்கு வெளியே உள்ளவை. மதுரைக் கல்லூரி ஒன்றில் இணையவழித் தமிழ் இலக்கணப் பாடத்தை மாணவர் கற்கும் முறையை ஆராய்ந்த ஒருவர் அதனைத் தமிழில் எழுதினால் கூடுதலாகப் பெறுவது 5. பட்டியலில் உள்ள ஆங்கில இதழில் எழுதினால் அதன் பன்மடங்கு. விளைவாக, தமிழ் மாணவரைப் பற்றிய கண்டறிதல் தமிழாசிரியர் பெரிதும் வாசிக்காத இதழுக்குச் செல்கிறது. ஆய்வு செய்யப்படும் இடத்திற்கும் அது வாசிக்கப்படும் இடத்திற்கும் இடையே இவ்வாறு தொலைவு கூடுகிறது.

இரண்டாவது தடை கூட்டாய்வின் மதிப்பு. எண்மக் கற்றலாய்வு ஒருவரால் ஆகாதது. தமிழறிஞர், கல்வியியலாளர், நிரலாளர், புள்ளியியல் அறிந்தவர் ஆகியோர் அதற்குத் தேவை. இருவர் இணைந்து எழுதினால் ஒவ்வொருவர்க்கும் 70 விழுக்காடு. இருவர்க்கு மேற்படின் முதன்மை ஆசிரியர்க்கு 70 விழுக்காடு. ஏனையோர் ஒவ்வொருவர்க்கும் 30 விழுக்காடு. அடிப்படை மதிப்பெண் 10 எனில் இணையாசிரியர் பெறுவது 3. ஈராண்டு உழைப்பில் உருவான கூட்டாய்வில் பங்கேற்ற தமிழாசிரியர் 3 மதிப்பெண் பெறுகையில், இரண்டு அலகுகளுக்குப் பாடப்பொருள் எழுதியவர் 4 பெறுகிறார். கூட்டாய்வைத் தவிர்க்குமாறு எந்த விதியும் கூறவில்லை. கணக்கு அதனையே கூறுகிறது.

6. எளிதாகும் வினாக்கள்

மதிப்பீட்டு முறை ஆய்வாளரின் எண்ணிக்கையை மட்டுமன்றி ஆய்வு வினாவையும் பாதிக்கும். கல்வியியல் ஆய்வேடுகளில் ‘இணையவழிக் கற்றல் குறித்த மாணவர் மனப்பான்மை’, ‘ஆசிரியர்களின் விழிப்புணர்வு’ என்னும் பொருண்மைகள் பரவலாகக் காணப்படுவது இதனால்தான். ஒரு வினாநிரல், ஒரு மாதிரித் தொகுதி, பால், இருப்பிடம், கல்லூரி வகை ஆகிய மாறிகள், முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்னும் கூற்று: இவ்வடிவம் ஒரு பருவத்தில் முடியும், தனியொருவரால் முடியும். மனப்பான்மையை அளப்பது கற்றலை அளப்பதாகாது என்னும் அடிப்படை வேறுபாடு இதில் மறைந்துவிடுகிறது. ஒரு பாடத்தை விரும்பியவர் அதிலிருந்து எதையும் கற்காமலும் இருந்திருக்கலாம்.

1983இல் ரிச்சர்டு கிளார்க் முன்வைத்த வாதம் இங்கு நினைவிற்கு வரும். ஊடகம் கற்றலை விளைவிப்பதில்லை, கற்பித்தல் முறையே விளைவிக்கிறது என்றார் அவர். ஊடகத்தின் தனித்தன்மையை வலியுறுத்தி ராபர்ட் கோஸ்மா பின்னர் அதனை மறுத்தார். அவ்விவாதத்தில் எப்பக்கம் சார்ந்தாலும், அதனைத் தமிழ்ச் சூழலில் சோதிக்க வேண்டுமெனில் ஒரே பாடத்தை இரு முறைகளில் அமைத்து, கற்றலை நேரடியாக அளந்தாக வேண்டும். மனப்பான்மை வினாநிரல் அதற்கு உதவாது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வு இயலாததன்று. 1975-76இல் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் நடத்தப்பெற்ற செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில் மதிப்பீட்டாய்வு தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. மானிடவியலாளர்கள் சிற்றூர்களிலேயே தங்கி, ஒளிபரப்பை மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதைப் பதிவு செய்தனர். ஒளிபரப்பியோரும் ஆராய்ந்தோரும் ஒரே திட்டத்தின் ஊதியப் பணியாளர்கள். அத்தகைய அமைப்பு இன்றைய இணையவழிப் படிப்புகளுக்கு இல்லை. தரவு சேர்ப்பதோ அன்றைவிட இன்று பன்மடங்கு எளிது.

எத்தகைய வினாக்கள் விடுபடுகின்றன என்பதற்கு ஆனையூரைச் சான்றாகக் கொள்ளலாம். தனி நகராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த புறநகர் அது. இலங்கைத் தமிழர் முகாமும் அங்குண்டு. அங்கிருந்து நகரக் கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி கைப்பேசியில் பாடம் கேட்கிறாள் எனக் கொண்டால் ஆய்வாளர் கேட்க வேண்டியவை பல. காணொலியை அவள் எந்த நிமிடத்தில் நிறுத்துகிறாள்? அது இணைய இணைப்பின் தடையா, கருத்தின் தடையா? வீட்டில் ஒரே கைப்பேசி எனில் அவள் முறை எப்போது வருகிறது? பாடத்தின் மேடைத் தமிழ், ஈழத்து வழக்கில் வளர்ந்தவர்க்கும் மதுரை வழக்கில் வளர்ந்தவர்க்கும் ஒன்றுபோல் விளங்குகிறதா? அயலகத் தமிழரை முதன்மையாகக் கருதித் தொடங்கிய இணையத் தமிழ்க்கல்வி, புலம்பெயர்ந்து மதுரையிலேயே வாழ்வோரை எவ்வாறு சென்றடையும்? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை காண ஓராண்டுக் களப்பணி வேண்டும். அவ்வோராண்டுக்குரிய இடம் அட்டவணையில் இல்லை.

7. மறுப்புரைகளும் மாற்றங்களும்

பொது அளவுகோலை ஆதரிப்போரின் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. எண் இல்லாத இடத்தில் செல்வாக்கு நுழையும்; பின்புலமற்ற முதல் தலைமுறை ஆய்வாளர்க்கு அட்டவணையே காப்பு. இவ்வாதம் சரியானதே. ஆயின் அது அட்டவணையில் விடுபட்டவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதற்குரிய வாதமேயன்றி, உள்ளவாறே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குரியதன்று.

2025 ஜனவரியில் மானியக்குழு வெளியிட்ட வரைவு விதிமுறைகள் எண்ணிக்கை முறையினின்று விலகி, ஒன்பது வகைப் பங்களிப்புகளுள் நான்கிலேனும் விண்ணப்பதாரர் சிறந்திருக்க வேண்டும் என்றன. எண்மப் பாட ஆக்கமும் இந்திய மொழிகளில் கற்பித்தலும் அவ்வொன்பதனுள் அடங்கும். துணைவேந்தர் நியமன முறை முதலானவற்றின் பொருட்டுத் தமிழகச் சட்டமன்றம் அவ்வரைவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில உரிமை குறித்த அவ்விவாதத்தில் இச்சிறு பகுதி கவனம் பெறவில்லை. அங்கும் எண்மப் பணி ‘ஆக்கம்’ என்றே பெயர் பெற்றது. மதிப்பெண் நீங்கினும் நோக்கு மாறவில்லை.

8. செய்யத்தக்கவை

மூன்று மாற்றங்கள் உடனடியாகக் கருதத்தக்கவை.

முதலாவதாக, இணையவழிப் படிப்பிற்குரிய மதிப்பெண்ணை இரண்டாகப் பகுக்கலாம். ஒரு பாதி உருவாக்கத்திற்கு. மறுபாதி, படிப்பு இருமுறையேனும் நடந்தபின் மாணவர் கற்றதையும் இடறியதையும் அதன்வழிச் செய்த திருத்தங்களையும் காட்டும் அறிக்கைக்கு. இதற்குப் புதிய நிதி தேவையில்லை.

இரண்டாவதாக, தமிழ் ஆய்விதழ்கள் ‘பாடத் திறனாய்வு’ என்னும் வகைமையை ஏற்கலாம். நூல் மதிப்புரைக்கு இடமளிக்கும் இதழ், ஆயிரக்கணக்கானோர் கேட்கும் பாடத்திற்கு இடமளிக்காதிருப்பது பொருந்தாது. தோல்வியுற்ற பாடத்தைப் பற்றிய நேர்மையான ஆய்வும் வெளியீட்டுத் தகுதி பெற வேண்டும். இம்மாற்றம் மானியக்குழுவின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதன்று. பதிப்பாசிரியர் குழுக்களின் கையிலேயே உள்ளது.

மூன்றாவதாக, பல்கலைக்கழகங்கள் தமிழ்த்துறை, கல்வியியல் துறை, ஊடக மையம் ஆகியவற்றிற்குப் பொதுவான ஆய்வுப் பணியிடங்களை ஏற்படுத்தலாம். தொலைநிலைக் கல்வியின் அரைநூற்றாண்டு மரபும் பல்லூடக மையமும் ஒருங்கே அமைந்த மதுரை இதற்கு ஏற்ற தொடக்கக் களம்.

9. முடிவுரை

தமிழ்வழி எண்மக் கற்றலை வேதியியலாரும் நீர்வளவியலாரும் தொடங்கிவைத்தனர். அது தமிழின் நற்பேறு. அத்துறையில் பயின்றவர்கள் அதிலேயே பணியாற்ற இயலாதிருப்பது அமைப்பின் குறை. 2018ஆம் ஆண்டு அட்டவணை பாடம் ஆக்கியவரை ஏற்றது. பாடம் கற்றவரைப் பற்றி அது எதையும் கேட்கவில்லை. கேட்கப்படாத வினாவிற்கு எவரும் தம் பணிவாழ்வை ஒப்படைக்க மாட்டார். தேர்வுக் கட்டணமும் தம் காலமும் செலவிட்டு இணையவழியில் கற்கும் மாணவர்க்கு அதனால் நேரும் இழப்பை அளந்து சொல்வதற்கும் இன்று ஆய்வாளர் இல்லை. அவ்வாய்வாளர்க்குரிய இடத்தை உருவாக்குவதே எண்மத் தமிழ்க்கல்வியின் அடுத்த பணி.